மூலைப் பொருத்து
(பெம்பான் வட்டாரத் தமிழன்பர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடு கட்டுவதைப் பற்றியும் வீட்டைப் புதுப்பிப்பதைப் பற்றியும் நம்மவர்கள் பேசத் தொடங்கினால், அஸ்திவாரம், கூரை, வங்கிக் கடன் ஆகிய மூன்றிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. சுவர் தரையைச் சந்திக்கும் இடத்திலும், சுவர் மேல்தளத்தைத் தொடும் இடத்திலும், கதவு நிலை சுவரோடு சேரும் இடத்திலும் நாம் பதிக்கின்ற அலங்கார மரச்சட்டங்களைப் பற்றி ஒரு சபையிலே நின்று பேசுவதற்கு விஷயம் இருக்கிறதா என்று சிலருக்குத் தோன்றலாம். நிரம்ப இருக்கிறது என்பது என் துணிபு. ஒரு வீட்டில் வேலை செய்தவர்கள் எவ்வளவு சிரத்தையோடு செய்தார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அதன் நடுச்சுவரைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. மூலைக்குச் சென்று, இரண்டு சட்டங்கள் ஒன்றோடொன்று கூடுகிற அந்த ஓரங்குல இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்த ஓரங்குலம் நன்றாக அமைவதற்கு வேண்டியது யாது என்பதையே இன்று உங்கள் முன் விரித்துரைக்க எண்ணுகிறேன்.

முதலாவதாக, இச்சட்டங்கள் ஏன் பிறந்தன என்று பார்ப்போம். இரண்டு வெவ்வேறு வேலைகள் சந்திக்கிற இடத்தில் எப்பொழுதும் ஒரு குறை தங்கிவிடுகிறது. கொத்தனாரின் பூச்சு தரையருகே வந்து அலையலையாக நின்றுவிடும். தரைக்கல் பதித்தவர் சுவரை ஒட்டாமல் சிறிது இடம் விட்டிருப்பார். கதவு நிலைக்கும் செங்கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். இந்த எல்லைகளை மூடி, தூசியும் பூச்சியும் புகாமல் காத்து, துடைப்பமும் நாற்காலியும் சுவரில் இடிக்கும் அடியைத் தாங்கிக்கொள்வதே இச்சட்டங்களின் தொழில். சேலைக்குக் கரை எப்படியோ அப்படியே சுவருக்கு இச்சட்டம். கரை, துணியின் ஓரம் பிரியாமல் காக்கிறது, காத்துக்கொண்டே அழகும் தருகிறது. உபயோகத்திலிருந்து பிறந்த அலங்காரமாதலால்தான் இது உலகத்தின் பல பாகங்களிலும் நெடுங்காலம் நிலைத்து நின்றிருக்கிறது.

நம் சிற்ப சாஸ்திரத்தில் இதற்குரிய இடம் மிகப் பெரிது. ஒரு சிவாலயத்தின் விமானத்தருகே நின்று அதன் அடித்தளத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். உபானம், அதன்மேல் ஜகதி, அதன்மேல் முப்பட்டையாகவோ எண்பட்டையாகவோ உருண்டையாகவோ குமுதம், பிறகு உள்வாங்கிய கண்டம், மறுபடியும் வெளியே நீட்டிய பட்டிகை என்று, வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழும்படியாக ஸ்தபதி கல்லை வரிவரியாக அமைத்திருப்பார். சுவரின் தலையில் கபோதம் வளைந்து இறங்கி, மழைநீர் சுவரில் வழியாதபடி வெளியே தள்ளிவிடும். கபோதத்தின் மூலைகளில் கொடிக்கருக்கு என்னும் நுண்ணிய வேலைப்பாடு செதுக்கப்பட்டிருப்பதையும் காணலாம். கட்டடத்தின் மற்ற இடங்களைவிட மூலைக்கே அதிகமான கைவேலை வேண்டும் என்பதை நம் சிற்பியர் நன்கு உணர்ந்திருந்தார்கள். இன்று இரும்புச் சாமான் கடையில் நாம் அடி கணக்கில் வாங்கிவரும் ஸ்கர்ட்டிங் என்னும் தரையோரச் சட்டம், கார்னிஸ் என்னும் மேல்தளத்தோரச் சட்டம் ஆகியவற்றின் வளைவுகளை உற்று நோக்கினால், உருண்டையும் பள்ளமும் பட்டையுமாக இதே உறுப்புகள் சுருங்கிய வடிவில் அமைந்திருக்கக் காண்பீர்கள்.

இந்த மலாக்கா மண்ணுக்கும் இதிலே தனிப்பெருமை உண்டு. இங்கிருந்து அதிக தூரமில்லாத மெர்லிமாவில் தெமாங் என்னும் தலைமைப் பட்டமுடைய அப்துல் கனி அவர்களின் இல்லத்தைக் காணச் சென்றால், வண்ண ஓடுகள் பதித்த படிக்கட்டோடு நின்றுவிடாமல், அதன் மரவேலையையும் கூர்ந்து பார்க்க வேண்டுகிறேன். மரபான மலாய் வீடுகளில் கூரையின் விளிம்பை ஒட்டி ஓடும் பலகையை மலாய்த் தச்சர்கள் ‘பாப்பான் சந்திக்’ என்பார்கள். அதன் கீழ் ஓரத்தைப் பூவிதழ் போன்ற உருவங்களாக அறுத்து அலங்கரிப்பார்கள். கதவுக்கும் சன்னலுக்கும் மேலே உள்ள பலகைகளை ஊடுருவத் துளைத்துக் கொடியும் இலையுமாகச் செதுக்கியிருப்பார்கள். அழகுக்காகவென்று நாம் கருதும் அந்தத் துளைகளின் வழியேதான் வெப்பக் காற்று வெளியேறுகிறது. ஓரப்பலகைதான் சாய்ந்தடிக்கும் மழையிலிருந்து கைமரங்களின் முனைகளைக் காக்கிறது. ஆணியை நம்பாமல் மரத்தில் மரம் கோத்து நிறுத்திய அத்தச்சர்கள், செங்கால் முதலிய வைரம் பாய்ந்த மரங்களைத் தேர்ந்தெடுத்தமையால், வெயிலையும் மழையையும் தாங்கி அவ்வேலை தலைமுறை கடந்தும் நிற்கின்றது.

இனி, நம் வீடுகளுக்கு வரும் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று இந்நாட்டில் வீட்டுக்குள்ளே பதிக்கப்படும் மரச்சட்டங்களில் ஒரு கணிசமான பகுதி பால்மரம் என்று நாம் அழைக்கும் ரப்பர் மரத்திலிருந்து அறுக்கப்பட்டதாகும். ஆம், நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலையில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பனியிலும் கொசுக்கடியிலும் நடந்து, சாய்வாகக் கோடு கீறிப் பால் எடுத்த அந்த மரமேதான். 1876ஆம் ஆண்டில் பிரேஸில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் வாணிப நோக்கத்தோடு ரப்பரைப் பயிரிட்டார். பின்னர் நம் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் ஆசாகானிலும் அது பெருந்தோட்டமாக விரிந்தது. மலாயாவின் ரப்பர் சரித்திரத்தினுடைய முதல் அத்தியாயங்கள் இந்த மாநிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றை வியர்வையால் எழுதியவர்களில் நம்மவர்கள் பலர்.

அக்காலத்தில் அம்மரத்துக்குப் பாலைத் தவிர வேறு மதிப்பில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்தபின் அதை வெட்டிச் சாய்த்து, புகைவீட்டில் ரப்பர்த் தகடு உலர்த்தவும், செங்கற்சூளைக்கும், லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் அடுப்புக்கும் விறகாக எரித்துவிடுவார்கள். அப்படி எரித்ததற்குக் காரணமும் உண்டு. பால்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகையால் வெட்டிப்போட்ட சில நாட்களுக்குள்ளேயே நீலம் பாய்ந்து பூஞ்சை பிடித்துவிடும். மரத்தைப் பொடியாக்கும் வண்டும் துளைத்துவிடும். அறுத்தவுடனே அழுத்தக் கலத்தில் இட்டுப் போரான் உப்புக்கரைசலை மரத்தினுள் செலுத்தி, பின்பு சூளையில் பதமாக உலர்த்தினால் இக்குற்றங்கள் நீங்கும் என்பது தெளிவான பிறகு, கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் உழைப்பாலும், மரத்தொழிலில் ஈடுபட்டோரின் முயற்சியாலும், 1980களிலிருந்து அந்த விறகு ஏற்றுமதிச் சரக்காயிற்று. நம் மாநில எல்லையைத் தாண்டியவுடன் வரும் மூவார் நகரம் மரச்சாமான் தொழிலால் பெயர் பெற்றதற்கு இம்மரமே பெருந்துணை. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன; நாமும் லயங்களை விட்டுத் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம்; எனினும் அந்த மரம் வெளிர்மஞ்சள் நிறத்தோடு, மழமழவென்று இழைக்கப்பட்டு, நம் வரவேற்பறையைத் தேடி வந்திருக்கிறது. அதைக் கோணல்மாணலாக வெட்டி, இடைவெளிகளில் பசையை அப்பி மறைப்பது அந்த மரத்துக்கும் நம் முன்னோரின் உழைப்புக்கும் தகாது என்று நான் உள்ளபடியே கருதுகிறேன்.

மரத்தை வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை சிலவே. பால்மரத் தண்டு குட்டையானது. வெட்டுக்காயங்களும் கணுக்களும் நிறைந்தது. ஆதலால் சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் பல்பல்லாக இணைத்து நீளமாக்கி விற்கிறார்கள். அவ்வாறு இணைத்தது சாயம் பூசுவதற்கு ஏற்றது. மரத்தின் இயல்பான ரேகை தெரிய வார்னிஷ் பூச விரும்புவோர் ஒரே துண்டாலான சட்டத்தையே கேட்டு வாங்க வேண்டும். பதப்படுத்தப்பட்டதா என்று கேளாமல் வாங்கலாகாது. வீட்டுக்கு வெளியே, மழை படும் இடத்தில், இதை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அவ்விடத்துக்குச் செங்கால் முதலிய மரங்களே உரியவை. கரையான் மிகுந்த இந்நாட்டில் தரையோரச் சட்டங்கள் அதற்கு எளிய வழியாகிவிடுவதால், பதிக்குமுன் சட்டத்தின் முதுகுப்புறத்திலும் வெட்டுமுனைகளிலும் ஒரு பூச்சுப் பூசிவிடுவது நலம்; தரையைக் கழுவும் நீர் அடியில் தங்காதபடி ஒரு மெல்லிய இடைவெளி விடுவதும் அவசியம்.

இதனினும் முக்கியமானது பொறுமை. மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை உட்கொண்டும் வெளிவிட்டும் வாழ்கிறது. நீளத்தில் அது மாறுவதேயில்லை என்று சொல்லும் அளவுக்குச் சொற்பமாகவே மாறும். அகலத்திலோ நன்றாகவே விரியும், சுருங்கும். காற்றோட்டமான அறையில் ஓரளவு ஈரத்தோடு இருக்கும் சட்டம், குளிர்சாதனம் ஓடும் அறைக்குள் வந்தால் உலர்ந்து சுருங்குகிறது. கதவைச் சுற்றிச் சாய்வாக வெட்டி இணைத்த மூலைகளின் உள்விளிம்பில் மெல்லிய கீறலாக இடைவெளி தோன்றுவது இதனாலேயே. எனவே வாங்கிய அன்றே பதித்துவிட அவசரப்படாமல், எந்த அறையில் பதிக்கப் போகிறோமோ அந்த அறையிலேயே சட்டங்களைக் காற்றுப் படும்படி அடுக்கி, சில நாட்கள் கிடக்க விட வேண்டும்.

இப்பொழுது மூலைக்கு வருவோம். சுவர்கள் இரண்டும் 90 பாகையில் சந்திக்கின்றன, ஆகவே சட்டம் ஒவ்வொன்றையும் 45 பாகையில் வெட்டினால் போதும் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். ரம்பத்தில் அந்த எண் அச்சிட்டிருப்பதால் அந்த எண்ணம் உறுதிப்படுகிறது. ஆனால் நம் தாமான் வீடுகளில் மிகச் சரியாக 90 பாகை உள்ள மூலை அபூர்வம். பூச்சுச் சுண்ணாம்பு மூலையிலே திரண்டு நிற்கும். ஒரு சுவர் சிறிது விலகியிருக்கும். மூலை 92 பாகையாக இருந்தால் ரம்பத்தை 44இல் நிறுத்த வேண்டும். 88 ஆனால் 46இல் நிறுத்த வேண்டும். அந்த வித்தியாசம் ஒரு பாகைதானே என்று அலட்சியம் செய்பவர், சட்டத்தைச் சுவரில் வைத்தவுடன் மூலை வாய் பிளந்து நிற்பதைக் காண்பார்.

மூலை நேரா என்று அறிய எளிய வழி நம் கொத்தனார்கள் அறிந்ததே: ஒரு சுவரோரமாக 60 சென்டிமீட்டரும் மற்றொரு சுவரோரமாக 80 சென்டிமீட்டரும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே குறுக்காக அளந்தால் 100 வர வேண்டும், மிகுந்தால் மூலை விரிந்தது, குறைந்தால் ஒடுங்கியது. வெட்டுக்கோணத்தைப் பெறுவதற்கு இதைவிடச் சிறந்ததாக, எண்ணே தேவைப்படாத ஒரு முறை உண்டு. ஒரே அகலமுள்ள ஒரு துண்டுப் பலகையை எடுத்து, முதற்சுவரோடு ஒட்டி வைத்து, அதன் வெளியோரத்தை ஒட்டித் தரையில் பென்சிலால் கோடு இழுங்கள். தரைக்கல் அழுக்காகாமலிருக்கக் காகித நாடா ஒன்றை முன்னதாக ஒட்டிக்கொள்ளலாம். பின்பு அதே பலகையை இரண்டாவது சுவரோடு ஒட்டி வைத்து இன்னொரு கோடு இழுங்கள். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியையும் சுவர் மூலையையும் சேர்த்து ஒரு கோடு வரைந்தால், அதுவே அந்த மூலையைச் சமமாகப் பங்கிடும் கோடு. கோணத்தைப் பிடித்துவைக்கும் கருவியாகிய சாய்மட்டத்தை அதில் வைத்துத் திருகிக்கொண்டு, அந்தச் சாய்வை அப்படியே ரம்பத்துக்கு மாற்றிவிடலாம். மூலை எத்தனை பாகையானாலும் இம்முறை பொய்க்காது. ரம்பத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், இடத்தையே கேட்டு அதன் விடையின்படி வெட்டுவதுதான் இத்தொழிலின் முதல் தர்மம்.

இதோ, என் கையில் ஸ்கர்ட்டிங் துண்டுகள் இரண்டு இருக்கின்றன. உள்மூலையில் இவ்விரண்டையும் சாய்வாக வெட்டி முட்டவிடுவதைவிட மேலான ஒரு முறையை அனுபவமுள்ள தச்சர்கள் கையாளுகிறார்கள். முதல் துண்டை நேராக வெட்டி, மூலைவரை ஓடவிட்டு, எதிர்ச்சுவரில் முட்டும்படி பதித்துவிடுங்கள். இரண்டாவது துண்டின் முனையை மட்டும் 45 பாகையில் சாய்த்து வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தைப் பாருங்கள்; சட்டத்தின் முகத்தோடு அந்த வெட்டு சந்திக்கும் ஓரத்தில், சட்டத்தின் வளைவும் பள்ளமும் ஒரு கோடாகத் தெளிவாகத் தெரிகின்றன. பென்சிலின் பக்கவாட்டால் அந்த ஓரத்தைத் தேய்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மெல்லிய அலகுள்ள வில்வாளை எடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே, வளைவுக்கு வளைந்தும் பள்ளத்துக்கு இறங்கியும் மெதுவாக அறுத்துச் செல்லுங்கள். வாளைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்துப் பிடித்தால் முதுகுப்புறத்து மரம் அதிகமாகக் கழிந்து, முகத்தின் ஓரம் மட்டும் கூராக நிற்கும். உருண்டை அரத்தால் இரண்டு மூன்று முறை தேய்த்துவிட்டு முதல் துண்டின்மேல் வைத்தால், ஒன்றன் உருவத்தை மற்றொன்று தழுவிக்கொள்ளும். சுவர் ஒன்றிரண்டு பாகை கோணலாக இருந்தாலும் இப்பொருத்துக் கெடுவதில்லை. மரம் சிறிது சுருங்கினாலும் எதிரே கறுத்த வாயாகத் திறப்பதில்லை. ஒரு மூலைக்குக் கால்மணி நேரம் கூடுதலாகும். பல ஆண்டுகளுக்கு அம்மூலை அப்படியே நிற்கும்.

வெளியே நீட்டிய மூலைகளுக்கு இம்முறை உதவாது. அங்கே சாய்வெட்டே வேண்டும். அளவை இம்மியும் குறையாமல் எடுத்து, முதலில் சிறிது நீளமாக வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடியும் மயிரிழை மயிரிழையாகக் குறைத்து, பசை தடவி இணைக்க வேண்டும். நீண்ட சுவரில் ஒரு சட்டம் போதாமல் இரண்டைச் சேர்க்கும்பொழுதும், முனையோடு முனை நேராக முட்டவிடாமல், இரண்டையும் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணைக்க வேண்டும். அச்சாய்வு வாசலிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத திசையை நோக்கியிருக்கட்டும். செங்கற்சுவரில் வெறும் ஆணி அடித்தால் பூச்சு உதிரும். துளையிட்டு, பிளாஸ்டிக் செருகி, திருகாணியின் தலை மரத்துக்குள் அமிழும்படி முடுக்கி, அக்குழியை மரப்புட்டியால் நிரப்பித் தேய்த்துவிடுவதே நிலைக்கும் வேலை. கதவைச் சுற்றிய சட்டத்தை நிலையின் விளிம்போடு விளிம்பாகச் சேர்க்காமல், சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளிப் பதித்தால், அந்த மெல்லிய படி நிழல் கொடுத்து, சிறு கோணல்களையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும்.

மேலே பதிக்கும் கார்னிஸ் சட்டம் சுவரிலும் மேல்தளத்திலும் சாய்ந்து நிற்பதாதலால் பலரையும் மயங்கச் செய்கிறது. ரம்ப மேடையின் அடிப்பலகையை மேல்தளமாகவும், அதன் நிமிர்ந்த தாங்கியைச் சுவராகவும் பாவித்து, சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி வெட்டினால் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. பெரிய சட்டத்தைப் படுக்கவைத்தே வெட்ட வேண்டுமானால், சுவரோடு 38 பாகையில் சாயும் வகைக்கு, நேர்மூலையில் ரம்பத்தைப் பக்கவாட்டில் 31.6 பாகை திருப்பி, 33.9 பாகை சாய்க்க வேண்டும். மின்ரம்பத்தைக் கையாளும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அலகிலிருந்து கை ஒரு சாணாவது விலகியிருக்கட்டும், அலகு முற்றும் நின்றபின்னரே கையை அருகே கொண்டுபோக வேண்டும், கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் மரத்தூளின் நடுவே நிற்க வேண்டாம்.

அளவறிந்து அலங்கரிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்பொழுது சுவர் முழுவதும் சட்டங்களைக் கட்டம் கட்டமாகப் பதித்து, வெயின்ஸ்காட்டிங் என்று அழைக்கும் வழக்கம் இந்நாட்டு இல்லங்களில் பெருகியிருக்கிறது. அதில் குற்றமில்லை. ஆயினும் தாழ்ந்த மேல்தளமுள்ள சிறிய வீட்டில் அகன்ற கார்னிஸைப் பதித்தால் அறை இன்னும் தாழ்ந்ததாகத் தோன்றும். கட்டங்களின் அகலங்களை முன்கூட்டியே சுவரில் வரைந்து பங்கிடாமல் ஒரு முனையிலிருந்து பதித்துக்கொண்டே போனால், மறுமுனையில் ஒரு குறுகிய கட்டம் எஞ்சி எல்லா அழகையும் கெடுக்கும். கண்டம் உள்வாங்கி நிற்பதால்தான் குமுதம் விளங்குகிறது. வெறுஞ்சுவர் இருப்பதால்தான் சட்டம் சோபிக்கிறது.

அன்பர்களே, இவ்வேலைக்கு வேண்டிய முக்கியமான கருவிகள், சாய்வெட்டுக்கு வாளை வழிநடத்தும் மைட்டர் பெட்டி, நுண்பல் வாள், வில்வாள், அரம், சாய்மட்டம், ரசமட்டம், அளவுநாடா ஆகியவைதாம். ஒரு பண்டிகைச் செலவில் இவற்றை வாங்கிவிடலாம். நம் பிள்ளைகளிலே புத்தகப் படிப்பில் மனம் செல்லாதவர்களை உதவாதவர்கள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது பெரும் அநியாயம். மரவேலையில் தேர்ந்தவனுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி திறந்திருக்கிறது. நல்ல மூலை வெட்டத் தெரிந்த கைக்கு இந்நாட்டில் வேலை இல்லாமற்போவதில்லை. ஆகவே பெற்றோர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வரும் விடுமுறையில் உங்கள் மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு மூலை ஒன்றைப் பலகை வைத்துக் கோடு இழுத்து அளந்து பாருங்கள், ஒரு துண்டுச் சட்டத்தை அவர்கள் கையாலேயே அறுக்கச் சொல்லுங்கள், சரியாகப் பொருந்தும்வரை விடாதீர்கள்.